சோலாரிஸ் வழங்கியில் ஐபி முகவரியை மாற்றுதல்

சோலாரிஸ் என்பது அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கிய யுனிக்ஸ் வகை இயக்குதளம் ஆகும். அந்நிறுவனத்தின் முந்தைய இயக்குதளமான சன்ஓஎஸ், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பிஎஸ்டி யுனிக்ஸை அடிப்படையாகக் கொண்டது. 1992இல் வெளிவந்த சோலாரிஸ் 2 முதல் சிஸ்டம் ஃபைவ் நான்காம் வெளியீடு அடிப்படையானது. 2010இல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. இக்கட்டுரை சோலாரிஸ் 8 (2000), 9 (2002), 10 (2005) ஆகிய பதிப்புகளில் இயங்கும் வழங்கி ஒன்றின் ஐபி முகவரியை மாற்றும் முறையை விளக்குகிறது. பழைய பதிப்புகள்தானே என்று ஒதுக்க முடியாது. ஸ்பார்க் செயலிக்காகவே எழுதப்பட்டு, மூலநிரல் தொலைந்துபோன மென்பொருள்கள் பல இவற்றில்தான் ஓடுகின்றன. அலுவலகம் இடம் மாறும்போதும் வலையமைப்பைப் புதிதாகப் பிரிக்கும்போதும் இவற்றின் முகவரியையும் மாற்றியாக வேண்டியிருக்கிறது. அந்த வழங்கியை முதலில் நிறுவியவர் பெரும்பாலும் அப்போது பணியில் இருப்பதில்லை.

கட்டளைகளும் கோப்புப் பெயர்களும் இங்கே தமிழ் ஒலிபெயர்ப்பில் தரப்பட்டுள்ளன. விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இட வேண்டும். எல்லாவற்றையும் ரூட் பயனராக நுழைந்தே செய்ய முடியும்.

எடுத்துக்காட்டாகப் பொன்னி என்ற பெயருடைய வழங்கியைக் கொள்வோம். அதன் பழைய முகவரி 10.1.5.20. புதிய முகவரி 10.1.6.20. புதிய வலையமைப்பின் நுழைவாயில், அதாவது வெளியே செல்லும் பொதிகளை வாங்கி அனுப்பும் திசைவி, 10.1.6.1. நெட்மாஸ்க் 255.255.255.0.

முகவரி இருக்கும் இரண்டு இடங்கள்

ஓடிக்கொண்டிருக்கும் வழங்கியில் முகவரி இரண்டு இடங்களில் உள்ளது. ஒன்று, இயக்குதளத்தின் கருவகம் நினைவகத்தில் வைத்திருக்கும் முகவரி. வலையமைப்புடன் பேசுவது இதைக் கொண்டுதான். மற்றொன்று, வட்டில் உள்ள கோப்புகளில் எழுதப்பட்ட முகவரி. கணினி தொடங்கும் நேரத்தில் மட்டும் அக்கோப்புகள் படிக்கப்பட்டு, அவற்றில் உள்ளது கருவகத்திற்குச் செல்கிறது. அதன் பிறகு இரண்டுக்கும் தொடர்பில்லை. வகுப்பறைக் கரும்பலகையில் மாணவர் எண்ணிக்கையைத் திருத்தினால் வருகைப் பதிவேடு தானாகத் திருந்தாது. பதிவேட்டைத் திருத்தினால் கரும்பலகையும் மாறாது. அதுபோலத்தான் இதுவும்.

இந்த இரட்டை நிலை பயனுள்ளது, ஆபத்தானதும் கூட. பயன் என்னவென்றால், கருவகத்தில் மட்டும் முகவரியை மாற்றிச் சோதித்துப் பார்க்கலாம். தவறாகப் போனால் கணினியை மறுதொடக்கம் செய்தால் போதும், பழைய முகவரி திரும்பிவிடும். ஆபத்து, சோதனை வெற்றி பெற்றதும் கோப்புகளைத் திருத்தாமல் விட்டுவிடுவதில் இருக்கிறது. சோலாரிஸ் வழங்கிகள் ஓராண்டு, ஈராண்டு என்று நிறுத்தாமல் ஓடக்கூடியவை. பல மாதங்கள் எந்தக் குறையும் தெரியாது. ஒருநாள் மின்சாரம் தடைபட்டு வழங்கி மீண்டும் எழும்போது பழைய முகவரியோடு எழும். அதற்குள் அந்த முகவரி வேறொரு கணினிக்குத் தரப்பட்டிருக்கலாம். அப்போது இரண்டு கணினிகளும் ஒரே முகவரிக்குப் போட்டியிடும். வேறொரு வன்பொருள் முகவரி நம் முகவரியாக இருக்க முயல்கிறது என்னும் பொருளில் எச்சரிக்கை கன்சோல் திரையில் ஓடிக்கொண்டிருக்கும். கன்சோல் பூட்டிய அறையில் இருக்கும். அதைப் பார்க்க ஆள் இருக்காது. முகவரியை மாற்றியவர் அதற்குள் வேலை மாறிப் போயிருப்பார். பழுது பார்க்க வருபவருக்கு எங்கே தொடங்குவது என்பதே தெரியாது.

ஆகவே முகவரி மாற்றம் என்பது மறுதொடக்கம் செய்து, புதிய முகவரியோடு வழங்கி எழுந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

இடைமுகத்தின் பெயரை அறிதல்

முதலில், வலையமைப்பு அட்டையை இயக்குதளம் எந்தப் பெயரால் அழைக்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான கட்டளை:

ஐஎஃப்கான்ஃபிக் -ஏ

1983இல் வெளிவந்த 4.2பிஎஸ்டி யுனிக்ஸிலிருந்து வந்த கட்டளை இது. லினக்ஸில் பழகியவர்கள் ஈத்0 என்ற பெயரை எதிர்பார்ப்பார்கள். சோலாரிஸில் இடைமுகத்தின் பெயர் அட்டையை இயக்கும் மென்பொருளின் பெயரிலிருந்து வருகிறது. பழைய 10 மெகாபிட் அட்டை எல்இ0. 100 மெகாபிட் அட்டைகள் எச்எம்இ0 அல்லது இஆர்ஐ0. கிகாபிட் அட்டைகள் சிஇ0, பிஜிஇ0 போன்றவை. எச்எம்இ என்பது ஹேப்பி மீல் ஈதர்நெட் என்பதன் சுருக்கம். உணவகம் ஒன்று குழந்தைகளுக்கு விற்கும் பொட்டலத்தின் பெயரைச் சன் நிறுவனப் பொறியாளர்கள் விளையாட்டாக அட்டைக்கு வைத்துவிட்டார்கள். நம் பொன்னியில் இருப்பது எச்எம்இ0 என்று கொள்வோம்.

எல்ஓ0 என்று ஒரு வரியும் தெரியும். அது கணினி தன்னோடு தானே பேசுவதற்கான 127.0.0.1 என்ற உள்முகவரி. அதைத் தொடக்கூடாது. எச்எம்இ0:1, எச்எம்இ0:2 என்று முக்காற்புள்ளியுடன் வரிகள் இருந்தால், ஒரே அட்டையில் கூடுதல் முகவரிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்று பொருள். சோலாரிஸ் 10இல் மண்டலங்கள் எனப்படும் உட்கணினிகளின் முகவரிகளும் இவ்வாறே தெரியும். அவற்றின் முகவரி மண்டல அமைப்புக்குள் தனியாக எழுதப்பட்டிருக்கும். அதை ஸோன்சிஎஃப்ஜி கட்டளையால்தான் மாற்ற வேண்டும்.

இந்தக் கட்டளையின் விடையையும், வழிப்பட்டியலைக் காட்டும் நெட்ஸ்டாட் -ஆர்என் கட்டளையின் விடையையும் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வழங்கிக்குள் ஒரு கோப்பாகச் சேமித்து வைத்தால், வழங்கியை எட்ட முடியாதபோது அந்தக் கோப்பையும் எட்ட முடியாது.

தொலைவிலிருந்து செய்வதன் இடர்

டெல்நெட் அல்லது எஸ்எஸ்எச் வழியாக வழங்கிக்குள் நுழைந்திருப்பவர் முகவரியை மாற்றிய கணத்திலேயே இணைப்பு அறுந்துவிடும். அந்த இணைப்பு பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு நிற்பதே காரணம். புதிய முகவரி சரியாக அமைந்திருந்தால் மறுபடியும் நுழையலாம். ஓர் எண் பிசகியிருந்தால் வழங்கி இருக்கும் ஊருக்கே ஒருவர் போக வேண்டும். ஆகையால் கன்சோல் வழியாகச் செய்வதே முறை. சன் வழங்கிகளின் பின்புறம் உள்ள தொடர் முனையில் ஒரு முனையத்தையோ மடிக்கணினியையோ இணைத்தால் கன்சோல் கிடைக்கும். இந்த இணைப்பு ஐபி முகவரியைச் சார்ந்தது அல்ல.

சில வழங்கிகளில் கன்சோலைத் தொலைவிலிருந்து பார்ப்பதற்கென்று தனிச் சிறு மேலாண்மை அட்டை உண்டு. அதற்குச் சொந்தமாக ஓர் ஐபி முகவரி இருக்கும். வலையமைப்பு முழுவதும் மாறும்போது இந்த இரண்டாவது முகவரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வழங்கியின் முகவரியை மாற்றினால் இது மாறாது, தனியே மாற்ற வேண்டும்.

கன்சோலே கிடைக்காத நிலையில் இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, ஒரு பாதுகாப்புக் கயிறு கட்டிக்கொள்வது. இருபது நிமிடங்களுக்குப் பிறகு வழங்கி தானாக மறுதொடக்கம் ஆகுமாறு அட் என்ற கட்டளையால் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டு, கருவகத்தில் மட்டும் முகவரியை மாற்றுவது. புதிய முகவரியில் நுழைய முடிந்தால் உடனே ஏட்டிஆர்எம் கட்டளையால் அந்த ஏற்பாட்டை நீக்கிவிடலாம். நுழைய முடியாவிட்டால் இருபது நிமிடம் பொறுத்திருந்தால் பழைய கோப்புகளைப் படித்துப் பழைய முகவரியோடு வழங்கி எழுந்துவிடும். மறுதொடக்கத்திற்கு இனிட் 6 என்ற கட்டளையையே கொடுக்க வேண்டும். சோலாரிஸில் ரீபூட் என்ற கட்டளை நிறுத்தல் நிரல்களை ஓட்டாமல் நேரே இறக்கிவிடும். திறந்திருக்கும் தரவுத்தளத்திற்கு அது நல்லதல்ல.

இரண்டாவது வழி இன்னும் மென்மையானது. பழைய முகவரியை நீக்காமல், அதே அட்டையில் புதிய முகவரியைக் கூடுதலாகச் சேர்ப்பது:

ஐஎஃப்கான்ஃபிக் எச்எம்இ0 ஆட்இஃப் 10.1.6.20 நெட்மாஸ்க் + பிராட்காஸ்ட் + அப்

எச்எம்இ0:1 என்ற புதிய இடைமுகம் உருவானதாக விடை வரும். இணைப்பு அறுவதில்லை. வேறொரு கணினியிலிருந்து 10.1.6.20க்கு நுழைந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, கோப்புகளைத் திருத்தலாம். ஆனால் பழைய, புதிய வலையமைப்புகள் இரண்டும் ஒரே கம்பியில் வந்தால்தான் இது பலிக்கும். வழங்கியின் கம்பியைப் பிடுங்கி வேறு சுவிட்சில் செருகப்போகிறார்கள் என்றால் இம்முறை உதவாது.

கருவகத்தில் மாற்றுதல்

கன்சோலில் அமர்ந்திருப்பவர் நேரடியாக மாற்றலாம்:

ஐஎஃப்கான்ஃபிக் எச்எம்இ0 10.1.6.20 நெட்மாஸ்க் 255.255.255.0 பிராட்காஸ்ட் + அப்

இதோடு வேலை முடிந்தது என்று நினைக்கக்கூடாது. இப்போது பக்கத்துக் கணினிகளோடு பேச முடியும். வேறு வலையமைப்புகளோடு பேச முடியாது. நுழைவாயில் இன்னும் பழையதாக இருப்பதே காரணம். ஆகவே:

ரூட் ஆட் டிஃபால்ட் 10.1.6.1
ரூட் டெலீட் டிஃபால்ட் 10.1.5.1

இங்கே ரூட் என்பது வழி என்ற பொருளில் வரும் கட்டளை. மேலே சொன்ன ரூட் பயனரில் உள்ளது வேர் என்ற பொருள் தரும் வேறு சொல். தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

பிறகு பிங் கட்டளையால் முதலில் நுழைவாயிலையும், அடுத்து அதற்கு அப்பால் உள்ள ஒரு கணினியையும் சோதிக்க வேண்டும். சோலாரிஸின் பிங், லினக்ஸைப் போல வரி வரியாக நேரக்கணக்கு காட்டாது. அந்த முகவரி உயிருடன் உள்ளது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுவிடும். நுழைவாயில் உயிருடன் இருக்கிறது, அதற்கு அப்பால் உள்ளது விடை தரவில்லை என்றால், பிழை பெரும்பாலும் வழிப்பட்டியலில் இருக்கும். அல்லது புதிய முகவரியைத் தீச்சுவர் இன்னும் அனுமதிக்கவில்லை.

கோப்புகளில் மாற்றுதல்

இனி பதிவேட்டைத் திருத்த வேண்டும். எல்லாக் கோப்புகளும் ஈடிசி என்ற அடைவில் உள்ளன.

சோலாரிஸைப் புதிதாகக் கையாளுபவரைக் குழப்புவது ஹோஸ்ட்நேம்.எச்எம்இ0 என்ற கோப்பு. எச்எம்இ0 அட்டைக்கு எந்த முகவரி என்று தொடக்க நிரல் தேடும் இடம் இதுதான். திறந்து பார்த்தால் உள்ளே பெரும்பாலும் எண் இருக்காது. பொன்னி என்ற பெயர் மட்டும் இருக்கும். தொடக்க நிரல் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டு ஹோஸ்ட்ஸ் என்ற மற்றொரு கோப்பில் அதற்குரிய எண்ணைத் தேடுகிறது. ஆகவே, வழங்கியின் பெயர் மாறாமல் முகவரி மட்டும் மாறும்போது, திருத்த வேண்டியது ஹோஸ்ட்ஸ் கோப்பையே. ஹோஸ்ட்நேம்.எச்எம்இ0 கோப்பில் பெயருக்குப் பதிலாக எண்ணே எழுதப்பட்டிருந்தால் அதையும் திருத்த வேண்டும். அதில் நீண்ட வரியாகக் குரூப் போன்ற சொற்கள் காணப்பட்டால், இரண்டு அட்டைகள் ஒன்றுக்கொன்று மாற்றாக இயங்கும் ஏற்பாடு உள்ளது என்று அறியலாம். அங்கே சோதனை முகவரிகள் என்று கூடுதல் முகவரிகளும் இருக்கும். அவற்றையும் மாற்ற வேண்டும்.

பெயரை எண்ணாக்கும் வேலைக்கு டிஎன்எஸ் இருக்கும்போது ஹோஸ்ட்ஸ் கோப்பு எதற்கு என்று கேட்கலாம். டிஎன்எஸ் வழங்கியைக் கேட்க வலையமைப்பு வேண்டும். தன் முகவரியே தெரியாத நிலையில் கணினிக்கு வலையமைப்பு இல்லை. எனவே தன் முகவரியையாவது அது தன் வட்டிலிருந்தே படித்தாக வேண்டும்.

ஹோஸ்ட்ஸ் கோப்பில் நமக்குரிய வரி திருத்திய பின் இப்படி இருக்கும்:

10.1.6.20 பொன்னி லாக்ஹோஸ்ட்

கடைசியில் உள்ள லாக்ஹோஸ்ட் என்ற சொல்லைத் தேவையற்றது என்று அழித்துவிடுவோர் உண்டு. நிகழ்வுக் குறிப்புகளை எழுதும் சிஸ்லாக் நிரல் இந்தப் பெயரைத்தான் தேடுகிறது. அது இல்லாவிட்டால் லாக்ஹோஸ்ட் யாரென்று அறிய முடியவில்லை என்று கணினி எழும்போதெல்லாம் எச்சரிக்கும். பொன்னி என்ற பெயருக்கு உரிய வரியே காணாமற்போனால் விளைவு பெரிது. அஞ்சல் நிரலான சென்ட்மெயில் தன் பெயர் தெரியாமல் காத்துக் காத்து முயலும். வரைகலைத் திரையில் நுழைபவருக்கு டிடி செய்தி முறையைத் தொடங்க முடியவில்லை என்ற பெட்டி தோன்றி நுழைவு தடைபடும். திரையில் ஏதோ கோளாறு என்று பலர் எங்கெங்கோ தேடுவார்கள். கோளாறு ஹோஸ்ட்ஸ் கோப்பின் ஒரு வரியில் இருக்கும்.

இந்தக் கோப்பு படிக்க மட்டும் என்ற அனுமதியுடன் வருகிறது. விஐ தொகுப்பியில் திருத்திச் சேமிக்கும்போது வியப்புக்குறியுடன் சேமிக்க வேண்டும். தொடர் முனைக் கன்சோலில் விஐ திரை சிதறித் தெரிந்தால், டெர்ம் என்ற சூழல் மாறிக்கு விடி100 என்ற மதிப்பைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

சோலாரிஸ் 10இல் மேலும் ஒரு பொறி உள்ளது. ஈடிசி அடைவுக்குள் ஐநெட் என்ற உள்ளடைவில் ஐபிநோட்ஸ் என்றொரு கோப்பு உண்டு. சோலாரிஸ் 10இன் தொடக்க வெளியீடுகளில் ஐபி4 முகவரியையும் ஹோஸ்ட்ஸ், ஐபிநோட்ஸ் என்ற இரண்டு கோப்புகளிலும் எழுத வேண்டியிருந்தது. ஹோஸ்ட்ஸில் மட்டும் திருத்திவிட்டு மறுதொடக்கம் செய்தால் பழைய முகவரியே திரும்பி வரும். திருத்தியவருக்குத் தன் கண்ணையே நம்ப முடியாது. 2007 ஆகஸ்டு வெளியீட்டிலிருந்து ஐபிநோட்ஸ் என்பது ஹோஸ்ட்ஸ் கோப்பையே சுட்டும் இணைப்பாக மாற்றப்பட்டது. தம்முடையது எந்த வெளியீடு என்று ஈடிசி அடைவில் உள்ள ரிலீஸ் என்ற கோப்பைத் திறந்தால் தெரியும்.

நுழைவாயிலின் முகவரி டிஃபால்ட்ரவுட்டர் என்ற கோப்பில் ஒரே வரியாக இருக்கும். அதை 10.1.6.1 என்று மாற்ற வேண்டும். இந்தக் கோப்பை அழித்துவிடுவது நல்லதல்ல. சோலாரிஸ் 9 வரையிலான பதிப்புகளில், இரண்டு அட்டைகள் உள்ள வழங்கியில் இக்கோப்பு இல்லையென்றால், தானே ஒரு திசைவி என்று வழங்கி முடிவு செய்து ஒரு பக்கத்துப் பொதிகளை மறுபக்கத்திற்கு அனுப்பத் தொடங்கிவிடும். அதைத் தடுக்க நாட்ரவுட்டர் என்ற பெயரில் வெற்றுக் கோப்பு ஒன்றை ஈடிசியில் வைப்பது வழக்கம்.

திருத்துமுன் கோப்புகளைப் படியெடுத்து வைப்பது எல்லாரும் அறிந்த பழக்கம். படிகளை ஈடிசி அடைவிலேயே வைக்காமல் வேறு அடைவில் வைக்க வேண்டும். காரணம், தொடக்க நிரல் ஹோஸ்ட்நேம் என்று தொடங்கி எண்ணில் முடியும் கோப்புகளை எல்லாம் இடைமுகங்கள் என்றே எடுத்துக்கொள்கிறது. படியின் பெயருக்குப் பின்னால் தேதியைச் சேர்த்து வைத்தால், அப்படியோர் அட்டை இருப்பதாக எண்ணி அதை எழுப்ப முயன்று தோற்கும்.

நெட்மாஸ்க் என்னும் கண்ணுக்குத் தெரியாத பிழை

எந்த முகவரிகள் தன் கம்பியிலேயே உள்ளன, எவற்றை நுழைவாயில் வழியாக அடைய வேண்டும் என்று கணினி பிரித்தறிவது நெட்மாஸ்க் கொண்டுதான். 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒன்றாக உள்ள முகவரிகள் தன் கம்பியில் உள்ளவை. சோலாரிஸ் இதை நெட்மாஸ்க்ஸ் என்ற கோப்பில் தேடுகிறது. மேலே கட்டளையில் நெட்மாஸ்க் என்பதற்குப் பின் + குறி இட்டால், அந்தக் கோப்பில் பார்த்துக்கொள் என்று பொருள்.

கோப்பில் உரிய வரி இல்லாவிட்டால் பிழைச்செய்தி வராது. முகவரியின் முதல் எண்ணைப் பார்த்து, பழைய வகுப்பு முறைப்படி தானே ஒரு நெட்மாஸ்கைத் தீர்மானித்துக்கொள்ளும். 10 என்று தொடங்குவது ஏ வகுப்பு, அதற்கு 255.0.0.0. அப்படியானால் 10 என்று தொடங்கும் 1 கோடியே 67 லட்சத்திற்கும் மேற்பட்ட முகவரிகள் அனைத்தும் தன் கம்பியிலேயே இருப்பதாகப் பொன்னி நம்பிவிடும். 10.1.9.7இல் உள்ள கணினிக்கு அனுப்ப வேண்டிய பொதியை நுழைவாயிலிடம் கொடுக்காது; 10.1.9.7 யார் என்று தன் கம்பியிலேயே கூவிக் கேட்டுக்கொண்டிருக்கும்.

இதில் வேடிக்கை, சில இடங்களில் இது தவறு என்றே தெரியாமல் ஓடுவதுதான். திசைவிகள் சில, அந்தக் கணினிக்காக நான் பதில் சொல்கிறேன் என்று தாமே முன்வந்து பொதியை வாங்கிக்கொள்ளும். இது பதிலி ஏஆர்பி எனப்படும். ஐந்து ஆண்டுகள் தவறான நெட்மாஸ்குடன் நன்றாக ஓடிய வழங்கி, திசைவியை மாற்றிய அன்று பாதி அலுவலகத்திற்கு மட்டும் எட்டாமல் போகும். பழி புதிய திசைவியின் மேல் விழும்.

ஆகவே நெட்மாஸ்க்ஸ் கோப்பில் இந்த வரி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் சேர்க்க வேண்டும்:

10.1.6.0 255.255.255.0

பழைய வழங்கிகளில் 10.0.0.0 255.255.255.0 என்று முழு வலையமைப்புக்கும் பொதுவாக எழுதப்பட்டிருக்கலாம், அதுவும் செல்லும். மறுதொடக்கத்திற்குப் பின் ஐஎஃப்கான்ஃபிக் -ஏ விடையில் நெட்மாஸ்க் பதினாறடி எண்முறையில் தெரியும். எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்00 என்று ஆறு எஃப் இருந்தால் சரி. எஃப்எஃப்000000 என்று இரண்டே எஃப் இருந்தால் கோப்பு படிக்கப்படவில்லை.

மற்ற கணினிகளின் நினைவு

வழங்கியில் எல்லாம் சரியான பிறகும் சிலருக்கு அது எட்டாமல் இருக்கலாம். ஒவ்வொரு கணினியும் திசைவியும், எந்த ஐபி முகவரி எந்த வன்பொருள் முகவரிக்கு உரியது என்பதை ஏஆர்பி அட்டவணையில் சிறிது காலம் நினைவில் வைத்திருக்கும். 10.1.6.20 என்ற முகவரி முன்பு வேறொரு கணினிக்கு இருந்ததென்றால், அந்தப் பழைய நினைவின்படி பொதிகள் அங்கேயே போகும். சிஸ்கோ திசைவிகளில் இந்த நினைவு இயல்பாக 4 மணி நேரம் நீடிக்கும். திசைவியின் அட்டவணையை அழித்துவிட்டால் காத்திருக்க வேண்டியதில்லை.

டிஎன்எஸ் பதிவும் அப்படியே. பதிவின் ஆயுட்காலம் ஒரு நாள் என்று இருந்தால், மாற்றிய பின்னும் ஒரு நாள் வரை பழைய முகவரியே பிறருக்குக் கிடைக்கும். மாற்றத்திற்கு இரண்டு நாள் முன்பே அந்த ஆயுட்காலத்தை ஐந்து நிமிடமாகக் குறைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. டிஎன்எஸ் கோப்பைத் திருத்தும்போது அதன் வரிசை எண்ணைக் கூட்டுவது அவசியம். கூட்டாவிட்டால் துணை டிஎன்எஸ் வழங்கிகள் புதிய பதிவை எடுத்துக்கொள்ளமாட்டா.

வழங்கியின் பெயரைக் கேட்காமல் எண்ணையே நேராக எழுதி வைத்திருக்கும் இடங்கள்தான் கடைசிவரை தொல்லை தருபவை. ஆரக்கிள் தரவுத்தளத்தின் லிசனர், டிஎன்எஸ்நேம்ஸ் கோப்புகள், என்எஃப்எஸ் பகிர்வுகளில் அனுமதிக்கப்பட்ட முகவரிப் பட்டியல், கிளைக் கணினிகளின் விஎஃப்எஸ்டேப் கோப்பு, ஹோஸ்ட்ஸ்.அலவ் பட்டியல், அச்சுப்பொறிகள், யாரோ எப்போதோ எழுதிய இரவுநேர நிரல்கள் என்று இவை நீளும். பழைய முகவரியைக் கிரெப் கட்டளையால் ஈடிசி அடைவிலும் மென்பொருள்கள் உள்ள அடைவுகளிலும் தேடினால் வழங்கிக்குள் இருப்பவை அகப்படும். என்எஃப்எஸ் பகிர்வைக் கடுமையான முறையில் பொருத்தியிருக்கும் கிளைக் கணினிகள் பழைய முகவரியை விடாமல் அழைத்துக்கொண்டு உறைந்து நிற்கும் என்பதால், மாற்றத்திற்கு முன்பே அவற்றைக் கழற்றிவிடுவது நல்லது. மென்பொருள் உரிமங்களைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. சன் கணினிகளில் அவை பெரும்பாலும் ஹோஸ்ட்ஐடி என்ற வன்பொருள் எண்ணோடு கட்டப்பட்டவை. ஐபி மாறினாலும் அது மாறாது.

வெளியே இருப்பவற்றைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. இரண்டு வலையமைப்புகளும் ஒரே கம்பியில் வருகின்றன என்றால், புதிய முகவரியை முதன்மையாக்கிவிட்டு, பழைய முகவரியைச் சில வாரங்கள் எச்எம்இ0:1 இல் கூடுதலாக விட்டுவைக்கலாம். ஹோஸ்ட்நேம்.எச்எம்இ0:1 என்ற கோப்பில் 10.1.5.20 என்று எழுதிவிட்டால் மறுதொடக்கத்திலும் அது நிலைக்கும். பிறகு அவ்வப்போது:

ஸ்னூப் -டி எச்எம்இ0 ஹோஸ்ட் 10.1.5.20

ஸ்னூப் என்பது கம்பியில் போகும் பொதிகளைக் காட்டும் சோலாரிஸின் கருவி. இன்னும் யார் யார் பழைய முகவரியை நாடி வருகிறார்கள் என்பது திரையில் ஒவ்வொன்றாகத் தெரியும். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் நிரல்கள் இருக்கக்கூடும் என்பதால் ஒரு மாதக் கடைசியையாவது தாண்டிய பிறகே பழைய முகவரியை எடுக்க வேண்டும். எடுக்கும்போது அந்தக் கோப்பையும் அழிக்க வேண்டும்.

சிஸ்-அன்கான்ஃபிக் கட்டளை

எல்லாவற்றையும் ஒரே அடியில் மாற்ற சிஸ்-அன்கான்ஃபிக் என்ற கட்டளை இருக்கிறது. அது பெயர், முகவரி, நேரவலயம் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கணினியை நிறுத்திவிடும். அடுத்து எழும்போது புதிதாக நிறுவியதுபோல் எல்லாக் கேள்விகளையும் கேட்கும். ரூட் பயனரின் கடவுச்சொல்லும் போய்விடும். கேள்விகள் கன்சோலில்தான் கேட்கப்படும் என்பதால் தொலைவிலிருந்து இதைத் தொடவே கூடாது. முகவரி மட்டும் மாற வேண்டிய வழங்கிக்கு இது தேவைக்கு மிஞ்சிய மருந்து. வேறு நிறுவனத்திற்கு விற்கும் கணினிக்குப் பொருத்தமானது.

பிற யுனிக்ஸ் வகைகள்

கருவகம் ஒன்று, கோப்பு ஒன்று என்ற இரட்டை நிலை மற்ற பழைய யுனிக்ஸ்களிலும் உண்டு. கோப்பின் இடம்தான் வேறு. எச்பி-யுஎக்ஸில் முகவரி, நெட்மாஸ்க், நுழைவாயில் மூன்றும் நெட்கான்ஃப் என்ற ஒரே கோப்பில் உள்ளன. ஃபிரீபிஎஸ்டியில் ஆர்சி.கான்ஃப் கோப்பு. ஐபிஎம்மின் ஏஐஎக்ஸ் இதற்குக் கோப்பு வைக்காமல் ஓடிஎம் என்ற சிறு தரவுத்தளத்தில் வைக்கிறது; அங்கே ஸ்மிட் என்ற பட்டியல்முறை நிரல் வழியாக மாற்றினால் இரண்டு இடங்களிலும் ஒருசேர மாறும், ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையால் மாற்றினால் கருவகத்தில் மட்டுமே மாறும். 2011இல் வந்த சோலாரிஸ் 11இல் ஹோஸ்ட்நேம் என்று தொடங்கும் கோப்புகள் வழக்கொழிந்தன. அங்கே ஐபிஏடிஎம் என்ற கட்டளை தரும் முகவரி, தற்காலிகம் என்று தனியே குறிப்பிட்டால் ஒழிய, மறுதொடக்கத்திற்குப் பிறகும் நிலைக்கும்.